பாடத்துக்குப் புறம்பானது

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், விடத்தல்தீவில் இருந்து பஸ்ஸேறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கையிலும் பை இருந்தது. ஒன்றில் நண்டு. மற்றதில் வரலாறு. நண்டைக் குசினியில் வைத்துவிட்டு வரலாற்றை மேசையில் கொட்டினார். வினா விடைத் தொகுப்பு, மாதிரி வினாத்தாள், சுருக்கக் குறிப்பு, வரைபடப் பயிற்சி, சுவரில் ஒட்டுகிற காலக்கோடு. எல்லாம் யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடையில் வாங்கியவை. மினுமினுக்கும் அட்டைகள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒரு நட்சத்திரம், அதற்குள் 'நிச்சய வெற்றி' என்று அச்சடித்திருந்தார்கள்.

"அரசாங்கம் தாற புத்தகத்தை மட்டும் வச்சுக்கொண்டு என்னத்தைப் படிப்பிக்கப் போறியள், மச்சாள்? மற்றப் பிள்ளையள் எல்லாம் இதுகளை வச்சுத்தான் படிக்குதுகள்," என்றார்.

மற்றப் பிள்ளைகள். அந்த நாட்களில் இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பிடிக்காது. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். என் மகள் வீட்டில் இருந்தாள்.

நாங்கள் இருப்பது பேசாலைக்குச் சற்றுத் தள்ளி, மன்னார்த் தீவின் வடக்குக் கரையில். மகள் பஸ்ஸில் போய்ப் படித்துவந்தாள். பத்தாம் வகுப்பு தொடங்கிய புதிதில், காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது அவளுக்கு வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். வீட்டில் முன்னரும் வந்ததுதான், மருந்தும் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஊரே பார்க்க வந்தது அன்றுதான். மறுநாள் பிரின்சிப்பல் மிஸ் என்னைக் கூப்பிட்டு, கதிரை தந்து, தேநீர் தந்து, மிகவும் அன்பாகப் பேசினார்.

"பிள்ளையில எங்களுக்கு அன்பில்லையெண்டு நினைக்காதேங்கோ அம்மா. ஆனா மற்றத் தாய் தேப்பன்மார் பயப்பிடுகினம். எங்களால பொறுப்பெடுக்க ஏலாது. கொஞ்ச நாளைக்கு வீட்டில வச்சுப் படிப்பியுங்கோ. சுகம் வரட்டும், பாப்பம்."

அந்தக் கொஞ்ச நாள் பத்தாம் வகுப்பு முழுவதையும் விழுங்கிவிட்டது. இடையில் டொக்டர், மருந்து ஒழுங்காக எடுத்தால் பிள்ளை தாராளமாகப் பள்ளிக்கூடம் போகலாம் என்று சொன்னார். எழுதியும் தந்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரின்சிப்பல் மிஸ் வாசித்து, மடித்து, திருப்பித் தந்தார். "இப்ப ஒரு வகுப்பு முழுக்கத் தவறிப்போச்சே அம்மா. ஒரு பரீட்சை வச்சுப் பாப்பம். எல்லாப் பாடமும் சித்தியெண்டால் பதினோராம் வகுப்பில சேர்த்துக்கொள்ளுறம்," என்றார். முதலில் நோயைக் காட்டி வெளியே விட்டார்கள். நோய் அடங்கியதும் வெளியே நின்றதையே காட்டினார்கள்.

மகளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. யன்னலோரத்தில் தன் பழைய மேசையும், பக்கத்தில் தன் சிநேகிதியும் வேண்டும். ஆரம்பத்தில் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சிநேகிதிகள், பிறகு பஸ்ஸுக்குள் இருந்து கை காட்டினார்கள். பிறகு பஸ் போனது மட்டும்தான். அந்தப் பஸ் போகும் நேரத்தில் இவள் முன்வாசலுக்கு வராமல் கிணற்றடியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். 

ஆக, பரீட்சை. கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் எப்படியோ இழுத்துப் பிடித்தோம். காலையில் நான் மீனவர் சங்கக் கந்தோரில் எழுத்து வேலை, பின்னேரம் மகளோடு மேசையில். வரலாற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. "அது பாடமாக்கினால் சரிதானே" என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஒரு பாடத்தை அதைவிட மோசமாக அவமதிக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதை யாரிடம் சொல்ல?

மச்சாள் போனபிறகு அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். புத்தகம் ஒன்று நல்லதா கெட்டதா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. எங்கள் கரையைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று தேடுவேன். அது சுயநலம்தான். ஆனால் நான் அறிந்த ஒரு இடத்தைப் பற்றி ஒழுங்காகச் சொல்லாதவர்கள், நான் அறியாத இடங்களைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

அரசாங்கப் புத்தகத்தில் முத்து இருந்தது, மாந்தைத் துறைமுகம் இருந்தது, கோட்டை இருந்தது. குறைந்தது வசனமாக இருந்தன. சுருக்கக் குறிப்பில் இவை எல்லாம் வற்றிப்போய் 'முத்து, மன்னார்' என்ற இரண்டு சொல்லாகிவிட்டன. காலக்கோட்டில் அதுவும் இல்லை. வரைபடப் பயிற்சிப் புத்தகம் எல்லாவற்றையும் வென்றது. இலங்கையின் வெறும் உருவத்தைப் போட்டு, மன்னாரைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அச்சடித்தவர்கள் தீவைப் போட மறந்துவிட்டார்கள். பெருநிலத்தின் கரை மட்டும் வழுவழுவென்று இறங்கியது. எங்கள் தீவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கடதாசி.

மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடலுக்குள் ஒரு புள்ளி வைத்தாள்.

பின்னால் இருந்த விடையைத் திருப்பிப் பார்த்தோம். புள்ளி தரையில் இருந்தது. ஏறக்குறைய இலுப்பைக்கடவை இருக்கிற இடத்தில்.

"அம்மா, நாங்கள் தண்ணிக்குள்ள இருக்கிறம்," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசு கொடுத்து வாங்கி, பஸ்ஸில் சுமந்து வந்து, என் பிள்ளையின் விடையைப் பிழை என்று சொல்ல வைத்திருக்கிறார் மச்சாள் என்று கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் கட்டித் திருப்பி அனுப்பப் போகிறேன் என்றேன்.

மகள் வினா விடைத் தொகுப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும் அம்மா. இதில இருக்கிற மாதிரித்தான் கேள்வி வரும்."

"அதில இருக்கிறது முழுக்கச் சரியெண்டு ஆர் சொன்னது?"

"உங்களுக்குச் சரியானது வேணும். எனக்கு வகுப்புக்குப் போக வேணும்."

 அந்தப் புத்தகம் மேசையில் தங்கிவிட்டது. மற்றவை அலுமாரிக்கு மேலே போயின.

எங்கள் வீட்டில் வரலாற்றுக்கு இன்னொரு துணைநூலும் இருந்தது. அது உண்ணும், உறங்கும், வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வீட்டிலேயே கிடக்கும். என் கணவர்.

எங்கள் கோயில் பங்கில் பெருநாளுக்கு ஒரு கூத்து ஆடுவார்கள். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற இந்தத் தீவுச் சனத்தை, அந்தக் காலத்து யாழ்ப்பாண அரசன் படையோடு வந்து வெட்டிய கதை. வெட்டுப்பட்டவர்களை வேதசாட்சிகள் என்று கும்பிடுகிறோம். அந்த அரசனாக ஆடுவது என் கணவர். அவருக்கு முன்னர் அவருடைய சித்தப்பா ஆடினார். கடற்கரையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ராசா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் லொறிக்காரன்கூட "ராசாவுக்கு இண்டைக்கு எத்தினை பெட்டி?" என்று கேட்பான். கடனுக்கு எண்ணெய் அடிக்கிற ராசா.

அந்தக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசனை அழவிடாமல் மேடையை விட்டு இறக்க மாட்டார்கள். வெட்டெல்லாம் முடிந்தபின் அரசன் தனியாகக் கடற்கரைக்கு வந்து, முடியைக் கழற்றிக் கீழே வைத்து, அழுது பாட வேண்டும். அது கதைக்காகப் போட்டதல்ல, ஆடுகிறவனுக்காகப் போட்டது. வேதசாட்சிகள் மேல் வாள் ஓங்கியவன் மறுநாள் கடலுக்குப் போகவேண்டும். அந்தக் கையைக் கழுவாமல் எப்படிப் போவது? அதனால் கூத்துப் பழக்கிய ஏதோ ஒரு காலத்து அண்ணாவியார் அந்தப் பாட்டைச் சேர்த்திருக்கிறார். என் கணவருக்கு நல்ல குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாட்டை மட்டும் அவர் பாடினால் கோயில் வளவில் ஒரு குழந்தைகூட அழாது.

மகள் போர்த்துக்கேயர் வந்த பாடத்துக்கு வந்ததும், இவர் வளவில் வள்ளத்து என்ஜினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டே படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். அரசன் வரவு, மந்திரி பேச்சு, படை புறப்பாடு, எல்லாம் பாட்டோடு. பிள்ளை கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு கேட்டாள். புத்தகத்தோடு அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. "இஞ்சேருங்கோ, வெட்டினது வரலாறு. அழுதது கூத்து. ரெண்டையும் கலந்து பிள்ளையைக் குழப்பாதேங்கோ," என்றேன்.

"அழாட்டி அவன் மனிசனில்லையே."

"மனிசனோ இல்லையோ, அழுததெண்டு எங்கயும் எழுதியில்லை."

"எழுதினவன் அங்க நிண்டவனோ?"

இவரோடு வாதாடி வெல்ல முடியாது. நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

அன்று பின்னேரமே மகள் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள். அரசாங்கப் புத்தகத்தில் அந்த அரசனுக்கு ஒரு சின்னப் பந்தி. வினா விடையில் அவன் அந்நியரை எதிர்த்து நின்ற வீரன், ஐந்து குறிப்பில் அவன் புகழ். அப்பாவிடம் அவன் எங்கள் சனத்தை வெட்டிவிட்டு அழுதவன். "எது சரி அம்மா?" என்று கேட்டாள்.

"ஒரே ஆள்தான் பிள்ளை. அந்நியனை எதிர்த்தவனும் அவன்தான், எங்கட ஆக்களை வெட்டினவனும் அவன்தான். கேள்வி என்ன கேக்குதோ அதைப் பாத்து எழுது."

இப்போது யோசித்தாலும் அது சரியான பதில் என்றே படுகிறது. வேறு எந்தப் பதிலையும் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. சரியான பதிலுக்குப் புள்ளி கிடைக்கும் என்று நம்பியதுதான் வேறு கதை.

பரீட்சையைப் பிரின்சிப்பல் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் தனியாக வைத்தார்கள். விழுந்தாலும் மற்றவர்கள் பார்க்காமல் இருக்கட்டும் என்றுதான். அவள் விழவில்லை. நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வரலாறு எழுதிய அன்று அவள் வெளியே வந்த முகம் இன்னும் எனக்கு முன்னால் நிற்கிறது. அந்த ஒரு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அம்மா, அந்தக் கேள்வி வந்தது! யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரை எதிர்த்ததை விளக்குக எண்டு. நான் ரெண்டு பக்கம் எழுதினனான்."

அன்று பஸ்ஸால் இறங்கிக் கடையில் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பழைய சீருடையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். நீளம் போதவில்லை. மடிப்பை அவிழ்த்து இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.

பிறகு கூப்பிட்டார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாப் பாடமும் சித்தி. கணக்கில்கூட நல்ல புள்ளி. வரலாறு மட்டும் ஒரே ஒரு கேள்வியால் சித்தியில்லை.

வரலாறு படிப்பிக்கிற சேரும் அங்கே இருந்தார். வேறு இடத்தில் இருந்து மாற்றலாகி வந்தவர், இளம் ஆள், பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பேனை மூடியைப் பார்த்துப் பேசுவார். விடைத்தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். முதலில் வினா விடைத் தொகுப்பில் இருந்த குறிப்புகளில் மூன்று இருந்தன. அவற்றுக்குச் சரி போட்டிருந்தது. அதற்குப் பிறகு என் மகள் எழுதியிருந்தாள்: வெட்டப்பட்டவர்கள் போர்த்துக்கேயர் அல்லர். அவர்கள் எங்கள் தீவில் மீன் பிடித்த மக்கள். போர்த்துக்கேயரின் கப்பல் தூரத்தில் இருந்தது, இவர்களின் கழுத்து பக்கத்தில் இருந்தது. அரசன் பின்னர் கடற்கரையில் தன் முடியைக் கழற்றி வைத்து அழுதான்.

இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்பில் ஒரே கோடு. ஓரத்தில், பாடத்துக்குப் புறம்பானது.

கப்பல் தூரத்தில், கழுத்து பக்கத்தில் என்பதை அவள் அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவளாக யோசித்தது. அதை வாசித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அறையில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சேர், கடைசி வரியை வெட்டுங்கோ. அது கூத்து, நான் ஒத்துக்கொள்ளுறன். மற்றது நடந்ததுதானே?"

"நடந்திருக்கலாம் அம்மா. ஆனா புள்ளித் திட்டத்தில அது இல்லை. எனக்கு அதுக்குப் புள்ளி குடுக்க வழியில்லை."

"ஆரும் பிழை சொல்லேல்ல," என்று பிரின்சிப்பல் மிஸ் இடையில் வந்தார். "வீட்டில படிச்சால் இப்பிடித்தான் அம்மா வரும். ஒரு முறை இல்லை. பிள்ளை இந்த நிலையில பதினோராம் வகுப்புக்கு வந்து கஷ்டப்படும். அவவின்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலிப்பைச் சொல்லி மறுக்க அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. வரலாற்றைச் சொல்லி மறுக்க வெட்கமில்லை. அவர்கள் ஒரு வருடமாக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை அதைத் தன் கையாலேயே அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"வீட்டில படிப்பியுங்கோ எண்டு சொன்னது நீங்கள்தானே மிஸ்?" என்று கேட்டேன். அவர் தேநீர் சொல்லட்டுமா என்று கேட்டார்.

 வீட்டுக்கு வந்ததும் மகள் நேரே வளவுக்குப் போனாள். அவள் அப்பா என்ஜினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கும்.

"அப்பா, அரசன் அழுதது எந்தப் புத்தகத்தில இருக்கு?"

"புத்தகத்தில இல்லை பிள்ளை. அது எங்கட பாட்டில..."

"அப்ப ஏன் எனக்குச் சொன்னனீங்கள்?"

அவள் கத்தவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோல நின்று கேட்டாள். அவர் கையைத் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கடற்கரைப் பக்கம் நடந்து போனார். இத்தனை ஆண்டுகளில் அந்த மனிதனை நான் எவ்வளவோ ஏசியிருக்கிறேன், அன்று ஏச மனம் வரவில்லை. கோடு போட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. பிள்ளை அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆளிடம் கேட்டுவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சில மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் எங்கள் படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. வரலாற்றுச் சேர். அவரைக் கண்டதும் எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. மனம் மாறிவிட்டார்கள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று. அவசர அவசரமாகக் கதிரையைத் துடைத்துப் போட்டேன். அந்தக் கதிரையைத் துடைத்ததற்காக இன்றுவரை எனக்கு என்மேலே எரிச்சல்.

அவர் என் கணவரைத்தான் தேடி வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பண்பாட்டு விழாவாம். கல்விக் கந்தோரில் இருந்து பெரியவர்கள் வருகிறார்களாம்.

"உங்கட கூத்தைப் பற்றித்தான் எல்லாரும் சொல்லுகினம், அண்ணை. முழுக்க வேண்டாம், கடைசிக் காட்சி மட்டும். அரசன் அழுகிற இடம். எங்கட மண்ணின்ர வரலாற்றைப் பிள்ளையள் அறிய வேணும்."

"வரலாறோ?" என்றேன் நான்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. பேனை மூடி இல்லாததால் கையில் இருந்த மோட்டார் சைக்கிள் திறப்பைப் பார்த்தார். மேடையில் ஆடினால் அது மண்ணின் வரலாறு, பெரியவர்கள் முன் வரிசையில் இருந்து கை தட்டலாம். அதே பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை அதைத் தாளில் எழுதினால் சிவப்புக் கோடு. இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் உள்ளேயிருந்து தேநீரோடு வந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

தேநீரை அவருக்கு முன்னால் வைத்தாள். "குடியுங்கோ சேர்," என்றாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"போங்கோ அப்பா. ஆனா அந்த அழுகிற பாட்டை மட்டும் பாடாதேங்கோ. அது பாடத்துக்குப் புறம்பானது."

 சேரின் முகம் கறுத்துப்போனது. அவர் கெட்டவர் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது, அது என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு ஆறலாம்.

என் கணவர் மகளைப் பார்த்தார்.

"அப்ப நான் வரேல்ல, சேர். அழாமல் இறங்கிறது எங்கட வழக்கத்தில இல்லை. வேற ஆரையும் பாருங்கோ."

சேர் தேநீரைக் குடிக்காமலே எழும்பினார். விழாவில் கூத்துக்குப் பதில் பிள்ளைகள் ஏதோ நடனம் ஆடினார்களாம். நன்றாக இருந்ததாம். கந்தோரில் யாரோ சொன்னார்கள்.

இப்போது மகள் வீட்டில் இருந்தபடியே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதத் தயாராகிறாள். அலுமாரிக்கு மேலே போன புத்தகங்களை அவளே ஏறி எடுத்துத் தூசு தட்டிக்கொண்டாள். காலக்கோடு சுவரில் ஒட்டியிருக்கிறது. வரைபடத்தில் மன்னாரைக் குறிக்கச் சொன்னால், புத்தகத்தின் விடையில் இருக்கிற மாதிரித் தரையில் புள்ளி வைக்கிறாள். நான் ஒருமுறை, "பிள்ளை, அது பிழையெல்லோ?" என்றேன். "தாள் திருத்திறவைக்கு இதுதான் சரி" என்றாள். பெருநாள் கூத்துக்கு இந்த முறை அவள் வரவில்லை. படிக்க இருக்கிறது என்றாள். அவள் அப்பா வழக்கம்போல முடியைக் கழற்றி வைத்து அழுதார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே அழுதார் என்று சனம் பேசிக்கொண்டது. வளவில் என்ஜின் துடைக்கும்போது இப்போது அவர் பாடுவதில்லை.

போன கிழமை மச்சாள் போன் எடுத்தார். "என்ன மச்சாள், நான் தந்த புத்தகங்கள் ஏதும் பிரயோசனமோ?" என்று கேட்டார்.

"ஓம் மச்சாள். நல்ல பிரயோசனம்," என்றேன். பொய் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மாதிரி வினாத்தாளில் அதே கேள்வி வந்திருந்தது. மகள் எழுதிக்கொண்டு வந்து தந்தாள். விடைப் பகுதியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து குறிப்பு, அதே ஒழுங்கு, ஒரு சொல் பிசகவில்லை. அரை நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டாள். இந்தத் தீவில் யாரும் மீன் பிடிக்கவில்லை, யாரும் வெட்டுப்படவில்லை, யாரும் அழவில்லை.

"சரியோ அம்மா?"

"சரி பிள்ளை," என்று சொல்லி, சிவப்புப் பேனையை எடுத்து முழுப் புள்ளியும் போட்டேன்.